மறுமொழி வராத இடத்தில்

ஒருவர் தம் உள்ளத்தில் இருப்பதைப் பிறர்க்கு உணர்த்த வேண்டுமாயின், உடலின் ஏதேனும் ஓர் உறுப்பு அசைந்தாக வேண்டும். நா அசைந்தால் சொல் பிறக்கும். விரல் அசைந்தால் எழுத்து பிறக்கும். தலை அசைந்தால் இசைவோ மறுப்போ விளங்கும். இவற்றுள் ஒன்றுமே அசையாதபோது, உள்ளே உணர்வு இருக்கிறதா இல்லையா என்பதை வெளியே நிற்பவர் எப்படி அறிவது? தீவிரச் சிகிச்சைப் பிரிவின் கதவருகே இரவு பகலாகக் காத்திருந்த குடும்பத்தார்க்கு இக்கேள்வி புதிதன்று. பெற்றவரையோ துணைவரையோ படுக்கையில் கண்டு, "நான் வந்திருக்கிறேன், தெரிகிறதா?" என்று கேட்டுப் பதில் பெறாமல் திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

வங்கி நடைமுறையில் இதனோடு தொடர்புடைய விதி ஒன்று உண்டு. கையொப்பமிட இயலாத முதியவரும் நோயுற்றவரும் தம் கணக்கிலிருந்து பணம் பெறக் கைப்பெருவிரல் ரேகை வைக்கலாம். கையும் உதவாது போனால் கால் பெருவிரலின் ரேகையும் ஏற்கப்படும். அதுவும் இயலாதெனில், ஏதேனும் ஓர் அடையாளக் குறி இட்டாலும் போதும். இரண்டு சாட்சிகள் அதனை உறுதி செய்ய வேண்டும்; அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலில் உள்ள இந்த ஏற்பாட்டின் உட்பொருள் எளியது. பணத்தைக் கேட்பது விரல் அன்று. விரலுக்கு உரியவரின் விருப்பம். அவ்விருப்பம் எந்த வழியாக வெளிப்பட்டாலும், அதனை ஏற்பது நிறுவனத்தின் கடமை.

பிரான்சு நாட்டில் எல் என்னும் பெண்கள் இதழின் ஆசிரியராக இருந்த ழான்-தொமினிக் போபி என்பவரை 1995 டிசம்பரில் கடும் பக்கவாதம் தாக்கியது. நினைவு திரும்பியபோது உடல் முழுவதும் செயலற்றுப் போயிருந்தது. அறிவு மட்டும் தெளிவாக இருந்தது. அவர் ஆணைக்குக் கட்டுப்பட்டது இடது கண்ணிமை ஒன்றே. உதவியாளர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வர, வேண்டிய எழுத்து வந்ததும் அவர் இமைத்துக் காட்டினார். அவ்வாறே ஒரு முழு நூலை எழுதி முடித்தார். 1997 மார்ச்சில் அந்நூல் வெளிவந்தது. சில நாட்களுக்குள் அவர் காலமானார். கைவிரல், கால்விரல் என்று சென்ற வரிசையில் கடைசியாக நின்றது ஓர் இமை.

அந்த இமையும் அசையாது போனால்? இன்றைய மருத்துவம் அவ்விடத்தில்தான் ஒரு புதிய வாயிலைத் திறந்து பார்க்கிறது.

அதை அறிவதற்கு முன் சில நிலைகளைப் பிரித்து உணர்தல் நலம். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் கோமா என்றே சொல்லிவிடுவதுண்டு. மருத்துவர் அப்படிச் சொல்வதில்லை. கண் மூடியிருந்து, எழுப்பினாலும் எழாத நிலையே கோமா. பெரும்பாலும் சில வாரங்களில் இந்நிலை மாறும். சிலர் தெளிவடைவர், சிலர் இறப்பர், இன்னும் சிலர் கண் திறப்பர், ஆயினும் எதிரில் இருப்பவரை உணர்ந்ததற்கான குறி எதுவும் காட்டமாட்டார். உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். மூச்சு தானே நடக்கும். இதனை முன்னாளில் தாவர நிலை என்றனர். மனிதரைச் செடியோடு ஒப்பிடும் அச்சொல் தகாது எனக் கருதிய மருத்துவர் சிலர், 2010ஆம் ஆண்டில் மறுமொழியற்ற விழிப்பு நிலை என்னும் பொருளுடைய பெயரை முன்மொழிந்தனர். அவ்வப்போது மட்டும் கண்ணால் ஒரு பொருளைப் பின்தொடர்வதும், சொன்னதை ஒருமுறை செய்து மறுமுறை செய்யாதிருப்பதும் குறையுணர்வு நிலை. மூளைச்சாவு இவை எல்லாவற்றிலும் வேறானது. அதில் மூளையின் செயல் முழுவதும் மீளாதவாறு நின்றுவிடுகிறது. சட்டமும் அதனை இறப்பாகவே கொள்கிறது. இனி வரும் செய்திகள் மூளைச்சாவுக்குப் பொருந்தா.

படுக்கையருகே மருத்துவர் செய்யும் சோதனை பெரும்பாலும் அசைவைச் சார்ந்தது. "கையை அழுத்துங்கள், கண்ணை மூடுங்கள், இந்தக் கண்ணாடியைப் பாருங்கள்" என்று சொல்லிப் பார்ப்பார். நோயாளி களைத்திருந்தாலோ, செவிப்புலன் கெட்டிருந்தாலோ, தசைகள் செயலற்றிருந்தாலோ விடை தவறாகக்கூடும். பெல்ஜிய நாட்டு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தாவர நிலை என்று மருத்துவக் குழு முடிவு செய்திருந்த 44 பேரை நுட்பமான அளவுகோலைக் கொண்டு மீண்டும் சோதித்தனர். அவர்களுள் 18 பேரிடம் உணர்வின் அடையாளம் இருந்தது. நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் கணக்குத் தவறியிருந்தது.

இங்கிலாந்தில் 2005 ஜூலையில் நேர்ந்த சாலை விபத்து ஒன்றில் 23 வயதுப் பெண் ஒருவர் மூளையில் பலத்த காயமுற்றார். ஐந்து மாதங்கள் கழிந்தும் யார் அழைத்தாலும் மறுமொழி இல்லை. கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்துவந்த ஏட்ரியன் ஓவன் என்னும் மூளை அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் அப்பெண்ணை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்தனர். மூளையின் எந்தப் பகுதி உழைக்கிறதோ அந்தப் பகுதிக்குக் குருதி மிகுதியாகப் பாயும். அதனைப் படமாகக் காட்டும் வகை அது. பின்னர் அவர்கள் இரண்டு கட்டளைகளை இட்டனர். டென்னிஸ் ஆடுவதாக மனத்தில் எண்ணிப் பாருங்கள் என்பது ஒன்று. உங்கள் வீட்டின் ஒவ்வோர் அறையாக நடந்து செல்வதாக எண்ணிப் பாருங்கள் என்பது மற்றொன்று.

இரண்டும் ஆழ்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆட்டத்தை எண்ணும்போது உடல் அசைவைத் திட்டமிடும் மூளைப்பகுதி கிளர்ச்சியுறும். வீட்டை எண்ணும்போது இடங்களை நினைவில் வைத்து வழிகாட்டும் பகுதி கிளர்ச்சியுறும். இரண்டும் மூளையில் வெவ்வேறிடத்தில் உள்ளவை. அப்பெண்ணின் உடலில் ஒரு விரலும் அசையவில்லை. ஆனால் டென்னிஸ் என்றதும் ஒரு பகுதியும், வீடு என்றதும் வேறு பகுதியும் திரையில் ஒளிர்ந்தன. நலமுள்ளோரின் மூளைப் படத்திற்கும் அப்பெண்ணின் படத்திற்கும் வேறுபாடு காண இயலவில்லை. சொன்னது செவியில் விழுந்தது, பொருள் விளங்கியது, மனம் இசைந்து கட்டளையை நிறைவேற்றியது. 2006இல் இச்செய்தி வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது.

டென்னிஸ் என்பதை ஆம் என்றும், வீடு என்பதை இல்லை என்றும் கொண்டால் உரையாடலாமே என்னும் எண்ணம் அடுத்துத் தோன்றியது. கேம்பிரிட்ஜிலும் பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலும் 54 நோயாளிகளைச் சோதித்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஐந்து பேர் தம் எண்ணத்தை வேண்டியவாறு மாற்றிக் காட்டினர். அவர்களுள் ஒருவரிடம் குடும்பத்தைப் பற்றி ஆறு கேள்விகள் கேட்கப்பட்டன. ஐந்துக்குச் சரியான விடை கிடைத்தது. கனடா நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மறுமொழியின்றிக் கிடந்த ஒருவரிடம், "உங்களுக்கு வலி இருக்கிறதா?" என்று 2012இல் கேட்டனர். இல்லை என்னும் விடை வந்தது. அத்தனை ஆண்டுகளாக அவரைச் சுற்றி நின்றவர் அனைவரும் அறிய விரும்பிய ஒன்று அது.

எம்.ஆர்.ஐ. கருவி ஓர் அறையையே அடைத்துக்கொள்வது. படுக்கையருகே கொண்டுவர இயலாதது. ஆகவே ஆய்வாளர் பழைய கருவி ஒன்றை நாடினர். ஜெர்மனியின் யெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்னும் மருத்துவர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். அதுவே இன்று இ.இ.ஜி. எனப்படுகிறது. தலையில் ஒரு தொப்பியை அணிவித்து, அதில் பதித்த மின்முனைகளால் அலைகளைக் கவர்ந்து, கணினியைக் கொண்டு பொருள் காண்பதை மூளை-கணினி இணைப்பு என்பர். 1973இலேயே கலிபோர்னியாவில் ழாக் விடால் என்னும் பேராசிரியர் இதற்கு வித்திட்டார்.

அது செயல்படும் முறையை ஆலய அனுபவம் ஒன்றால் விளக்கலாம். சன்னிதியில் அர்ச்சகர் பலருடைய பெயரும் நட்சத்திரமும் சொல்லிக்கொண்டே போகிறார். கேட்டுக்கொண்டு நிற்பவரின் மனம், தம் பெயர் ஒலித்த கணத்தில் சட்டென்று நிமிர்கிறது. அந்த நிமிர்வு மூளையலையில் ஓர் எழுச்சியாகப் பதிவாகிறது. ஒலி கேட்டு ஏறத்தாழ 300 மில்லி நொடியில் அது தோன்றும். ஆஸ்திரிய நாட்டில் உருவான ஒரு கருவி இதனைப் பயன்படுத்துகிறது. நோயாளியின் இரு மணிக்கட்டுகளிலும் சிறு அதிர்வுகள் தரப்படும். ஆம் என்று சொல்ல விரும்பினால் ஒரு கையின் அதிர்வையும், இல்லை என்றால் மறுகையின் அதிர்வையும் மனத்தால் எண்ண வேண்டும். மனம் எந்தக் கையின்பால் நிற்கிறது என்பதை அலை காட்டிக்கொடுக்கும். விரலும் வேண்டா, இமையும் வேண்டா. கவனம் ஒன்றே கையொப்பம் ஆகிறது.

இத்தகையோர் எத்தனை பேர்? நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் அண்மையில் மூளைக் காயமுற்று மறுமொழியின்றி இருந்த 104 பேரை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டனர். "வலக்கையைத் திறந்து மூடுங்கள்" என்று சொன்னபோது கை அசையவில்லை. ஆயினும் 16 பேரின் மூளையலைகள் கட்டளைக்கு இணங்கின. ஓராண்டு கழித்து, பிறர் துணையின்றிச் சில மணி நேரமேனும் வீட்டில் இருக்கும் அளவுக்குத் தேறியவர்கள், அப்படி இணங்கியோருள் நூற்றுக்கு 44 பேர். மற்றவருள் 14 பேர். பல மையங்கள் ஒன்றுசேர்ந்து நடத்தி 2024இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், வெளியே எந்த இணக்கமும் காட்டாத 241 பேருள் 60 பேர் உள்ளே கட்டளையை நிறைவேற்றினர். நான்கில் ஒருவர் என்று கொள்ளலாம்.

இந்த எண்களைப் படிக்கும்போது நம்பிக்கை மிகுவது இயல்பு. அது எல்லை கடத்தல் கூடாது. நான்கில் ஒருவர் என்றால் மூவரிடம் அவ்வடையாளம் காணப்படவில்லை என்பதும் அதே கணக்கே. இக்கருவிகள் நோயைக் குணப்படுத்துவன அல்ல. உள்ளே யாரேனும் விழித்திருக்கிறாரா என்று கதவைத் தட்டிப் பார்ப்பன. கிடைக்கும் விடையும் பெரும்பாலும் ஆம், இல்லை என்ற அளவில் நிற்பது. இன்று கிடைத்தது நாளை கிடைக்காமலும் போகலாம். பெரும்பாலான மருத்துவமனைகளில் இவ்வசதி இன்னும் இல்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே 2024 ஆய்வில், படுக்கையருகே சொன்னதைக் கண்கூடாகச் செய்துகாட்டிய 112 பேரையும் இக்கருவிகளால் சோதித்தனர். அவர்களுள் 43 பேரிடம் மட்டுமே கருவி இணக்கத்தைக் கண்டது. உணர்வு இருப்பது வெளிப்படையாகத் தெரிந்தவர்களிடமே கருவி பாதிக்கு மேல் தவறிற்று. ஆகவே கருவி ஆம் என்றால் அதை ஏற்கலாம். கருவி மௌனமாக இருந்தால் அதை இல்லை என்று படித்தல் ஆகாது. வரவு செலவு நடைபெறாத கணக்கை வங்கிகள் செயல்படாக் கணக்கு என்று குறித்து வைக்கும்; இருப்பு இல்லாத கணக்கு என்று எழுதிவிடுவதில்லை.

சைவ சித்தாந்தம் பயின்றோர் இங்கே அவத்தைகளை நினைவுகூரக்கூடும். நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என ஐந்து நிலைகளை அந்நூல்கள் வகுக்கின்றன. நனவில் புருவ நடுவில் நிற்கும் உயிர், கண்டம், இதயம், உந்தி, மூலாதாரம் எனப் படிப்படியாக உள்வாங்குகிறது. உடனிருந்து தொழிற்படும் கருவிகள் முப்பத்தைந்திலிருந்து இருபத்தைந்து, மூன்று, இரண்டு, ஒன்று எனக் குறைகின்றன. கருவிகள் கழன்றன என்று சொல்லும் நூல்கள், உயிர் இல்லையென்று சொல்வதில்லை. அவ்வகுப்பு வேறு நோக்கில் எழுந்தது. ஆய்வகத்தின் கண்டுபிடிப்பு வேறு நெறியில் எழுந்தது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றுக்குச் சான்றிதழ் வழங்க வேண்டியதில்லை. செயல் ஒடுங்கியதை வைத்து ஆள் இல்லை என்று முடிவு கட்டாத பணிவு, இரண்டினின்றும் கொள்ளத்தக்கது.

அப்பணிவு எளிய மனிதரிடமும் இருக்கிறது. நெல்லையில் முதியவர் ஒருவர் மூளையில் குருதி கசிந்து நினைவின்றி மருத்துவமனையில் கிடந்தார். பார்வை நேரத்தில் வந்த புதல்வர் இருவரும் கட்டிலின் இரு பக்கமும் நின்று, வீட்டை விற்று மருத்துவச் செலவைச் சமாளிப்பது பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தனர். தீய எண்ணம் ஒன்றுமில்லை. பணமுடை பேச வைத்தது. அங்கே இருந்த முதியவரின் தங்கை, "ஏலே, வெளிய போய்ப் பேசுங்க. அண்ணனுக்குக் காதுல விழும்லா" என்றார். அவர்கள் வெளியேறினர். அம்மூதாட்டி அண்ணனின் கையைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு, அன்று நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததைச் சொன்னார். எத்தனை மணிக்கு, எவ்வளவு கூட்டம், மழை தூறியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முதியவரின் முகத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. பதினொரு நாட்களுக்குப் பின் அவர் காலமானார். தங்கை சொன்னது செவியில் விழுந்ததா என்பதை இனி யாரும் அறிய இயலாது. ஆனால் விழுந்திருந்தால் கடைசி நாட்களில் அவர் கேட்டது தேரைப் பற்றிய செய்தி; வீட்டு விலை அன்று.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியரை இந்த நாடு மறத்தல் ஆகாது. அங்கே செவிலியராக இருந்த அருணா சான்பாக், 1973 நவம்பரில் கொடியவன் ஒருவனால் தாக்கப்பட்டு மூளை சிதைந்து படுக்கையில் வீழ்ந்தார். 2015 மே மாதம் இறக்கும் வரை, நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு மேலாக, தலைமுறை தலைமுறையாக வந்த செவிலியர்கள் அவரைக் குளிப்பாட்டினர், ஊட்டினர், புரட்டிப் படுக்க வைத்தனர். 2011இல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கில் தீர்ப்புரைத்தபோது, அவர் சார்பில் பேசும் உரிமை அம்மருத்துவமனைப் பணியாளர்க்கே உரியது என்று கொண்டது. மூளையலை ஆம் என்று சொன்னதைக் கண்டு அவர்கள் அத்தொண்டைத் தொடங்கவில்லை. தம்முள் ஒருவர் என்று எண்ணினர், அது போதுமானதாயிற்று.

முதியோர்க்கு இதில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நா அசையும் காலத்திலேயே தம் விருப்பத்தைச் சொல்லி வைத்தல். மீள வழியற்ற நிலையில் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்பதை முன்கூட்டி எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளின் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் ஒருவரிடம் சான்று பெற்றால் போதும். சேமிப்புக் கணக்குக்கு வாரிசுதாரர் நியமனம் எழுதும்போது எவரும் அதனை அமங்கலமாகக் கருதுவதில்லை. இதனையும் அவ்வாறே கொள்ளலாம். பிள்ளைகள் பிற்காலத்தில் ஒருவரையொருவர் குறைகூறாதிருக்க இது பேருதவியாகும்.

பிள்ளைகளுக்கும் உறவினர்க்கும் உரியவை சில. கட்டிலருகே சென்றதும் தம் பெயரையும் உறவையும் சொல்ல வேண்டும். இன்று என்ன கிழமை, பகலா இரவா என்று தெரிவிக்கலாம். தொடுமுன் தொடப்போவதாகச் சொல்லலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாதிருத்தல் நன்று. பழகிய குரல் ஒன்று அமைதியாக ஒலிப்பது பல குரல்களின் இரைச்சலைவிட மேலானது. நோயின் கடுமை, செலவு, சொத்து ஆகியவற்றைப் பேச வராந்தா இருக்கிறது. கண்ணிமையோ விரலோ சொன்னதற்கு ஏற்ப ஒருமுறை அசைந்ததாகத் தோன்றினாலும், நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கூற வேண்டும். குடும்பத்தார் கண்ட அத்தகைய குறியை மருத்துவர் ஆராய்ந்து பார்ப்பார்.

நாள்தோறும் கோயிலுக்குச் செல்வோர்க்கு இது கடினமான பயிற்சியன்று. கருவறையின் முன் நின்று வீட்டுச் செய்தி அனைத்தையும் சொல்லி, பதிலொலி எதுவும் கேளாமலே மனநிறைவோடு திரும்பிப் பழகியவர்கள் அவர்கள். மறுமொழி வராததால் கேட்பார் இல்லை என்று அவர்கள் ஒருநாளும் எண்ணியதில்லை. அந்தப் பழக்கத்தில் ஒரு பங்கைப் படுக்கையில் கிடக்கும் மனிதர்க்கும் ஒதுக்கலாம். கேட்கிறாரா என்று சோதித்து அறிவது கருவியின் வேலை. கேட்கிறார் என்று எண்ணிப் பேசுவது வீட்டாரின் வேலை. அதற்கு எந்தக் கருவிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.